முதல் நாளில் தோல் சும்மா இருக்கும்: வேகமாகப் பரவும் சதைத் தொற்றை எப்படிச் சந்தேகிப்பது

மழைக்காலம் வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ சுற்ற ஆரம்பிக்கும். கருத்துப்போன கால், உரிந்து தொங்கும் தோல், மேலே சிவப்பு எழுத்தில் 'சதை தின்னும் பாக்டீரியா, உஷார்'. பார்க்கிறவர் குனிந்து தன் காலையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். அந்த மாதிரி எதுவும் இல்லை, நிம்மதி. இந்த நிம்மதியில்தான் சிக்கலே இருக்கிறது. அந்தப் போட்டோ நோயின் கடைசிக் கட்டத்தில் எடுத்தது. அதே காலை முதல் நாளில் படம் எடுத்திருந்தால் லேசான வீக்கமும் கொஞ்சம் சிவப்பும்தான் தெரிந்திருக்கும், அதை யாரும் யாருக்கும் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

நோயின் மருத்துவப் பெயர் நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ். தோலுக்குக் கீழே இருக்கும் ஒரு உறை அழுகி, அந்த அழுகல் மணிக்கணக்கில் பக்கவாட்டில் ஓடும் தொற்று. அரிதான நோய்தான், பீதியடையத் தேவையில்லை. ஆனால் வந்துவிட்டால், சிகிச்சை கொடுத்தும் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை இறக்கிறார்கள். புது நோயும் இல்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே ஹிப்போகிரட்டீஸ் இப்படி ஒன்றை எழுதிவைத்திருக்கிறார். இப்போது புழங்கும் பெயரை 1952இல் பென் வில்சன் என்ற அறுவை மருத்துவர் வைத்தார். இத்தனை காலம் கழித்தும் இது தாமதமாகவே பிடிபடுகிறது. ஏன் என்று புரிய, தோலுக்குக் கீழே கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும்.

தோலுக்குக் கீழே

ஆட்டுக்கறி வாங்கும்போது கடைக்காரர் கத்தியால் உரித்துத் தள்ளுவாரே வெள்ளை ஜவ்வு, அது நம் உடம்பிலும் இருக்கிறது. மேலே தோல், அதற்குக் கீழே கொழுப்பு, அப்புறம் இந்த ஜவ்வு, அதற்கும் கீழே தசை. மருத்துவர்கள் இதை ஃபேசியா என்பார்கள். நான் ஜவ்வு என்றே சொல்லப்போகிறேன். இது ஒரு இடத்தோடு நிற்பதில்லை, பாதத்தில் தொடங்கித் தொடை வரை தொடர்ச்சியாகப் போகும். ரத்த ஓட்டம் இதில் ரொம்பக் குறைவு. ரத்தம் குறைவாகப் போகிற இடத்துக்குக் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் குறைவாகத்தான் போகும், நாம் விழுங்குகிற மாத்திரையும் குறைவாகத்தான் போய்ச் சேரும்.

வடசென்னையில் கொடுங்கையூர் குப்பைமேட்டில் தீப்பிடித்ததைப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்வது சுலபம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, லேசாகப் புகை வரும், அவ்வளவுதான். தீ அடியில் குப்பைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே புகைகிறதே என்று இங்கே தண்ணீர் அடித்தால், அது ஏற்கெனவே தள்ளிப் போய் வேறொரு பக்கம் எரிந்துகொண்டிருக்கும். பொக்லைனை விட்டுக் கிளறி, எரிகிற அடுக்கை வெளியே எடுத்துப் போட்டால்தான் அணையும்.

ஜவ்வுக்குள் கிருமி புகுந்தாலும் இதே கதைதான். அது மேலே வருவதைவிடப் பக்கவாட்டில் வேகமாக ஓடும், சிலருக்கு ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட. ஓடும்போதே நச்சுகளைக் கக்கும். ஜவ்வைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு ஏறுகிற சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதாவது கிருமி உட்கார்ந்து சதையைத் தின்பதைவிட, சதைக்கு வரும் ரத்தத்தை நிறுத்திச் சாகடிக்கிறது என்பதே சரி. தோலுக்கு ரத்தம் நின்ற பிறகுதான் தோல் நிறம் மாறும், கொப்புளம் வரும், கருக்கும். அதற்குள் கீழே எவ்வளவோ நடந்து முடிந்திருக்கும்.

நரம்புகளும் அந்த வழியாகத்தான் போகின்றன. முதலில் அவை எரிச்சலடையும், உயிர் போகிற வலி வரும். பிறகு நரம்பே செத்துவிட்டால் அந்த இடம் மரத்துவிடும். 'நேத்து கத்திட்டு இருந்தாரு, இப்ப வலி இல்லைங்கிறாரு' என்று வீட்டார் ஆறுதல்பட்டுக்கொள்ளும் நேரம் பல சமயம் இதுதான். வலி குறைந்திருக்கிறது, ஆனால் வீக்கம் கூடியிருக்கிறது, தோல் மங்கியிருக்கிறது என்றால் அது குணமாகும் அறிகுறி இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நோய் ஜவ்வில் ஓடுகிறது, வலி முதலில் வருகிறது, தோல் கடைசியில்தான் காட்டிக்கொடுக்கிறது. முதல் நாளில் கண்ணை நம்பினால் ஏமாந்துபோவோம்.

வலி சொல்வதைத் தோல் சொல்லவில்லை என்றால்

முதல் நாளில் கவனிக்க வேண்டியவற்றில் பெரியது, பார்க்கும் புண்ணுக்கும் படும் வலிக்கும் பொருத்தமே இல்லாமல் இருப்பது. சின்னச் சிராய்ப்பு, ஆனால் ஆள் அழுகிறார். லேசாகச் சிவந்திருக்கிறது, ஆனால் போர்வை பட்டாலே துடிக்கிறார். சிவப்பு முடிகிற இடத்தைத் தாண்டி நல்ல தோலாகத் தெரிகிற இடத்தைத் தொட்டாலும் வலிக்கிறது. வலி மாத்திரை போட்டும் அடங்கவில்லை.

அப்புறம் வீக்கம். சிவப்பு ஒரு கையகலம் இருக்க, வீக்கம் அதைத் தாண்டி இருக்கும். தொட்டால் சாதாரண வீக்கம் போல மெத்தென்று அமுங்காமல் கட்டையாக இறுகியிருக்கும்.

சிவப்பு என்று சொல்லும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாடப் புத்தகங்களிலும் இணையத்திலும் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் நிறத்தில் சிவப்பு அவ்வளவு பளிச்சென்று தெரியாது. தோல் கொஞ்சம் அடர்ந்து, ஊதா கலந்து, இழுத்துப் பிடித்த மாதிரி மினுமினுப்பாக இருக்கும். அதனால் பார்ப்பதோடு நிற்காமல் புறங்கையை வைத்துப் பாருங்கள். இன்னொரு காலைவிடச் சூடாக இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ஆளே சரியில்லாமல் இருப்பது. காலில்தானே பிரச்சினை, இவர் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறார், ஏன் உளறுகிறார், ஏன் காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை? கிருமிக்கு எதிராக உடம்பு கிளப்பும் எதிர்வினை கட்டுமீறிப் போய் உள்ளுறுப்புகளையே பாதிப்பதை செப்சிஸ் என்கிறார்கள். நம் ஏரியாவில் புண்ணில் சீழ் வைத்தாலே 'செப்டிக் ஆயிடுச்சு' என்போம். அது வேறு, இது வேறு.

காய்ச்சல் இருக்குமா? இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 2014இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 1,463 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஆரம்பத்தில் காய்ச்சல் இருந்தவர்கள் நூற்றுக்கு 40 பேர் மட்டுமே. நூற்றுக்கு 71 பேருக்கு முதலில் வேறு நோய் என்றே முடிவு செய்யப்பட்டிருக்கிறது. மருத்துவர்களுக்கே இப்படி என்றால் வீட்டில் இருக்கிறவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

பெரும்பாலும் எதோடு குழம்புகிறது என்றால், செல்லுலைட்டிஸோடு. தோலிலும் அதற்கடுத்த கொழுப்பிலும் மட்டும் நிற்கும் தொற்று அது. ரொம்பச் சாதாரணமானது, பெரும்பாலும் மாத்திரையிலோ ஊசியிலோ அடங்கிவிடும். தொடை இடுக்கில் நெறி கட்டும், வலிக்கும், ஆனால் வலி பார்க்கிற சிவப்புக்குத் தக்க அளவில் இருக்கும். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வந்து போகும், அதனாலேயே 'வழக்கமா வர்றதுதான்' என்று விட்டுவிடுவார்கள். வழக்கமாக வருவது எப்படி வலிக்கும் என்று அவர்களுக்கே நன்றாகத் தெரியும். இந்த முறை அதற்கு மேல் வலிக்கிறது என்று அவர் சொன்னால் அந்தப் பேச்சுக்கு மதிப்புக் கொடுங்கள்.

பால்பாயின்ட் பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதிவைப்பது நல்ல பழக்கம். ஆனால் அது பரவும் வேகத்தை மருத்துவருக்குக் காட்டத்தான். கோட்டைத் தாண்டுகிறதா பார்க்கலாம் என்று விடிய விடிய வீட்டில் உட்கார்ந்திருப்பதற்காக இல்லை. நோய் அடியில் ஓடும்போது மேலே போட்ட கோடு பாதிக் கதையைத்தான் சொல்லும்.

மெடிக்கல் ஷாப் வாசலில்

நடக்கிறது என்னவென்றால், ராத்திரி எட்டு மணிக்கு மருந்துக் கடையில், 'அண்ணே, கால்ல செம்ம வலி, ஒரு செட் மாத்திரை குடுங்க' என்பார். ஒரு டைக்ளோஃபெனாக், ஒரு ஆன்டிபயாடிக், ஒரு கேஸ் மாத்திரை. வலி ஒரு நாலு மணி நேரம் மட்டுப்படும், இருந்த காய்ச்சலும் இறங்கும். அதாவது முதல் நாளில் நம் கையில் இருக்கும் ஒரே நல்ல தடயத்தை நாமே அழித்துவிடுகிறோம். வலி மாத்திரையே பாவம் என்று சொல்ல வரவில்லை. போட்டும் வலி அடங்கவில்லை என்றால் அடுத்த மாத்திரையைத் தேடாதீர்கள், அதுவே ஒரு தகவல்.

சுளுக்கு என்று உருவி விடுவது, சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போடுவது, அக்கி என்று காவி பூசுவது, இவையெல்லாம் இந்த நோயில் இரண்டு வகையில் கெடுதல். நேரம் போகும், தோலின் நிறமும் மறைந்துபோகும். பத்தைக் கழுவிவிட்டுப் பார்த்தால்தான் உள்ளே ஊதா தெரியும்.

யாருக்கு வருகிறது

பொதுவாகச் சொன்னால் இரண்டு வகை. ஒன்றில் பலவகைக் கிருமிகள் கூட்டாக இருக்கும். சுகர் உள்ளவர்கள், வயதானவர்கள், அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் இதில் அதிகம். காலில் வரும், ஆசனவாய்ப் பக்கமும் பிறப்புறுப்புப் பக்கமும் வரும். அங்கே வருவதற்கு ஃபோர்னியே கேங்க்ரீன் என்று பெயர், 1883இல் பாரிஸில் அதை விவரித்த மருத்துவரின் பெயரால். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் சொல்லாமல் இருப்பதால் கைமீறிப் போகும் இடம் இது. வீட்டுப் பெரியவர் 'அங்கே வலிக்குது' என்று சொன்னால் சிரிக்காமல் கிளம்புங்கள்.

இன்னொரு வகையில் ஒரே ஒரு கிருமிதான். பெரும்பாலும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், தொண்டை வலி உண்டாக்குகிற அதே கிருமி. இது ஆரோக்கியமான இளைஞரையும் விடாது, சில சமயம் உடம்பில் ஒரு கீறல்கூட இருக்காது. பிள்ளைகளுக்கு அம்மை போட்ட கொப்புளம் வழியாகவும் நுழையும். வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா என்றால், மிக மிக அரிது. அருகில் இருந்து பார்த்துக்கொள்ளத் தயங்க வேண்டாம்.

கடல் ஓரத்தில் இருப்பதால் நமக்கு மூன்றாவது ஒன்றும் உண்டு. விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி வெதுவெதுப்பான கடல் நீரிலும், ஆறு கடலில் கலக்கும் முகத்துவார நீரிலும் வாழ்வது. காசிமேட்டில் மீன் இறக்குகிறவர்கள், வெட்டிக் கொடுக்கிறவர்கள், எண்ணூரில் இறால் தடவுகிறவர்கள் கையில் முள் குத்தாத நாள் உண்டா? கெளுத்தி முள் குத்தினால் எல்லோருக்கும்தான் கடுக்கும், ஆறிவிடும். ஆனால் ஈரல் கெட்டவர்களுக்கு, முக்கியமாகக் குடியால் கெட்டவர்களுக்கு, இந்தக் கிருமி மிகக் கொடியது. குத்தின ஒரு நாளுக்குள் கை வீங்கி, ரத்தம் கோர்த்த கொப்புளம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. மருத்துவரிடம் 'கடல் தண்ணி, மீன் முள்ளு' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும், கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கொடுக்கிற மருந்தே மாறும். இதற்கு டாக்சிசைக்ளினையும் சேர்ப்பார்கள்.

சுகர் உள்ளவர்களுக்கு வலி விதி பொருந்தாது

இதைத் தனியாக எழுதக் காரணம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சுகர் என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கும் மேல். வருடக்கணக்காகச் சுகர் இருந்தால் காலின் உணர்வு நரம்புகள் மழுங்கிவிடும், செருப்பு கழன்றதே தெரியாத நிலைக்குச் சிலர் வந்துவிடுவார்கள். அவரிடம் போய் 'வலிக்குதா' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், பொய்யும் இல்லை.

அதனால் அவர்களுக்கு வேறு தடயங்களைப் பார்க்க வேண்டும். பாதத்தில் சின்னப் புண், ஆனால் வீக்கம் கணுக்காலைத் தாண்டி ஏறுகிறது. திடீரென்று கெட்ட வாடை. எப்போதும் 180இல் நிற்கும் சுகர், உணவில் மாற்றம் இல்லாமலே 350ஐத் தொடுகிறது. ஆள் சோர்ந்து படுத்தே இருக்கிறார். இதில் ஏதாவது இரண்டு சேர்ந்தாலே கிளம்பிவிடலாம். மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் போல, தெருவில் தேங்கின தண்ணீரில் நடந்த பிறகு சுகர் உள்ளவர்கள் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதும், விரல் இடுக்கைப் பார்ப்பதும் வீட்டார் செய்ய வேண்டிய வேலை. குனிய முடியாதவரிடம் 'பாத்துக்கோங்க' என்று சொல்லிப் பயனில்லை.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சுகர் மாத்திரைகள் இப்போது பலர் சாப்பிடுகிறார்கள். இவற்றைச் சாப்பிடுகிறவர்களில் வெகு சிலருக்குப் பிறப்புறுப்புப் பகுதியில் இந்தத் தொற்று வந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் எச்சரித்தது. நல்ல மாத்திரைகள்தான், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உதவுகின்றன, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த இடத்தில் வலியோ வீக்கமோ வந்தால் மட்டும் அன்றே காட்டுங்கள்.

டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடாதா

எல்லோரும் கேட்கிற கேள்வி. ரத்தப் பரிசோதனையில் ஆறு அளவுகளை, அதாவது சிஆர்பி எனும் அழற்சி அளவு, வெள்ளை அணு, ஹீமோகுளோபின், சோடியம், கிரியாட்டினின், சர்க்கரை, இவற்றைக் கூட்டி மதிப்பெண் போடும் முறை ஒன்று 2004இல் சிங்கப்பூரிலிருந்து வந்தது. எல்ரினெக் என்பார்கள். மதிப்பெண் அதிகம் என்றால் சந்தேகம் வலுக்கும். ஆனால் மதிப்பெண் குறைவு என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் போல இதில் தப்பிவிடுகிறார்கள்.

எக்ஸ்ரேயில் சதைக்குள் காற்றுக் குமிழ் தெரிந்தால் நோய் கிட்டத்தட்ட உறுதி. தெரியவில்லை என்றால் ஒன்றும் உறுதியில்லை, பலருக்குக் காற்றே இருக்காது. சிடி ஸ்கேன் இதைவிட நன்றாகக் காட்டும். எம்ஆர்ஐ இன்னும் நுணுக்கமாகக் காட்டும், ஆனால் அதற்கு வரிசையில் நிற்கிற நேரம் இந்த நோயாளிக்கு இல்லை.

கடைசியில் உண்மையைச் சொல்வது கத்திதான். சந்தேகம் இருந்து, ஸ்கேனும் தெளிவாக இல்லை என்றால், அறுவை மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஜவ்வு வரை கீறிப் பார்ப்பார். நல்ல ஜவ்வாக இருந்தால் வெள்ளையாகப் பளபளக்கும், ரத்தம் கசியும், விரலை விட்டால் ஒட்டிப் பிடித்திருக்கும். அழுகின ஜவ்வு சாம்பல் நிறத்தில் இருக்கும், ரத்தம் வராது, கலங்கின தண்ணீர் வரும், விரல் தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். இதற்கு விரல் சோதனை என்றே பெயர். 'ஒண்ணும் இல்லாட்டி எதுக்கு டாக்டர் கிழிச்சுப் பாக்கணும்' என்று கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்கள் உண்டு. ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் மிஞ்சுவது இரண்டு தையல். பார்க்காமல் விட்டு, நோய் இருந்துவிட்டால் போவது காலும் உயிரும்.

ஆக, ரத்தமும் ஸ்கேனும் சந்தேகத்தைக் கூட்டும், சந்தேகத்தைத் தீர்க்காது. 2020இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், ஆஸ்பத்திரிக்கு வந்து 6 மணி நேரத்துக்குள் அறுவை நடந்தவர்களில் நூற்றுக்கு 19 பேர் இறந்தார்கள், அதற்கு மேல் ஆனவர்களில் 32 பேர். ரிப்போர்ட் எல்லாம் வரட்டும் என்று காத்திருப்பதன் விலை இது.

ராத்திரி எங்கே போவது

தெருமுனை கிளினிக்கில் நல்ல டாக்டர் இருக்கலாம், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே ஆபரேஷன் தியேட்டர் இருக்காது. இந்தச் சந்தேகம் வந்துவிட்டால் அறுவை மருத்துவரும் தியேட்டரும் எந்நேரமும் இருக்கிற இடத்துக்கு நேராகப் போக வேண்டும். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, பார்க் டவுன் பக்கம் ஜிஎச், அதாவது அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. 108 இலவசம். திருவொற்றியூர், மணலி பக்கமிருந்து வருவதென்றால் கன்டெய்னர் லாரிகளின் நெரிசலையும் கணக்கில் வைத்துச் சீக்கிரம் கிளம்புங்கள், ஆட்டோவில் மாட்டிக்கொண்டு நிற்பதைவிட ஆம்புலன்ஸ் மேல்.

கேஷுவாலிட்டியில் கூட்டம் இருக்கும், உங்களுக்குப் பேசக் கிடைப்பது அரை நிமிடம். 'கால் வீங்கிருக்கு சார்' என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரச் சொல்வார்கள். வலி எப்போது ஆரம்பித்தது, எத்தனை மணி நேரத்தில் எங்கிருந்து எங்கே ஏறியது, என்ன மாத்திரை போட்டும் அடங்கவில்லை, சுகரோ ஈரல் கோளாறோ உண்டா, மீன் முள்ளோ கடல் தண்ணியோ பட்டதா, இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். 'புண்ணு சின்னதுதான் சார், ஆனா வலி ரொம்ப அதிகமா இருக்கு, சர்ஜரி டாக்டர் ஒருமுறை பாக்கணும்' என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஆபரேஷன் ஒன்றோடு முடியாது

செத்த திசுவை வெட்டி எடுப்பதை டிபிரைட்மென்ட் என்பார்கள். மேலே நாலு அங்குலம்தான் கருத்திருந்தது, டாக்டர் முழங்கால் வரை திறந்துவிட்டார் என்று உறவினர்கள் அதிர்ச்சியடைவது இங்கேதான். அடியில் ஓடினது எதுவரையோ அதுவரை திறந்தாக வேண்டும். கூடவே ரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாடிக்குகள் ஓடும். அவற்றில் கிளின்டாமைசின் போன்றவை கிருமி நச்சு தயாரிப்பதையே தடுப்பதற்காக. மருந்து மட்டும் போதாது, ரத்தம் நின்ற இடத்துக்கு மருந்தும் போகாது.

புண்ணைத் தைக்காமல் திறந்தே வைப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். 'நேத்துதானே பண்ணீங்க, இன்னைக்கு மறுபடியுமா, நேத்து சரியா பண்ணலையா' என்று சண்டைக்குப் போகாதீர்கள். நேற்று உயிரோடு தெரிந்த ஓரம் இன்று செத்திருக்கலாம், அதைப் பார்க்கத்தான் திரும்பத் திறக்கிறார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை போவது சாதாரணம். சதை சுத்தமாகிச் சிவந்து வந்த பிறகுதான் தோல் ஒட்டுப் பேச்சே வரும். அதனால் முதல் ஆபரேஷன் முடிந்ததுமே அடுத்தது எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ரத்தம் கொடுக்க ஆள் தேவைப்படுமா என்பதையும் அப்போதே கேளுங்கள், வேலைக்கு லீவு சொல்கிறவர்கள் நாள் கணக்கில் சொல்லாமல் வாரக் கணக்கில் சொல்லிவிடுங்கள்.